வகுப்பறைத் தொகுதியிலிருந்து தொடங்குங்கள்: வடக்கு மாகாண நிர்வாகத்துக்கு ஒரு திறந்த மடல்

வடக்கு மாகாணப் பிரதம செயலாளர் அவர்களுக்கும், மாகாணத் திணைக்களங்களில் கட்டட வேலைகளைத் திட்டமிடும் பொறியியலாளர்கள், தொழில்நுட்ப உத்தியோகத்தர்கள் அனைவருக்கும்

பெருமதிப்புக்குரியீர்,

இந்த மாகாணத்தில் அரச கட்டடம் ஒன்று எந்த மாதத்தில் எந்த நிலையில் இருக்கும் என்பதை நீங்கள் என்னைவிட நன்கு அறிவீர்கள். ஒதுக்கீட்டுக் கடிதம் கைக்குக் கிடைக்கும்போது பெரும்பாலும் பங்குனி தாண்டியிருக்கும். இடம் பார்த்து, பழைய வரைபடத்தைத் தேடியெடுத்து, அதில் நான்கு கோடுகளைத் திருத்தி, அளவெடுத்து, மதிப்பீடு தயாரித்து, ஒப்புதல் பெற்று, கேள்வி, அதாவது விலைமனு, கோரி, வந்த விலைகளை ஆராய்ந்து ஒப்பந்தத்தில் கையொப்பமிடும்போது ஆவணியோ புரட்டாதியோ ஆகிவிடும். ஒப்பந்தக்காரர் அத்திவாரம் வெட்டி முடிக்க, ஐப்பசி மழை வந்து கிடங்கை நிரப்பும். டிசம்பர் 31 இற்குள் வேலையைக் காட்டிப் பணம் பெறாவிட்டால் நிதி திறைசேரிக்குத் திரும்பிவிடும் என்ற பயத்தில், தண்ணீரை இறைத்துக்கொண்டே கொங்கிறீற் போடுவார்கள். வடகீழ்ப் பருவமழை நம்மிடம் கேட்டுக்கொண்டு வருவதில்லை. ஆனால் ஆண்டுதோறும் அதே மாதங்களில்தான் வருகிறது.

நான் யாழ்ப்பாணத்தில் கணிய அளவையாளராக, அதாவது கட்டட வேலையின் அளவையும் செலவையும் கணிப்பவனாகத் தொழில் செய்பவன். ஒப்பந்தக்காரர்களுக்கு விலை போட்டுக் கொடுத்திருக்கிறேன். ஆலோசகர் பக்கத்தில் இருந்துகொண்டு அவர்களுடைய பட்டியல்களை வெட்டியும் இருக்கிறேன். இரண்டு பக்கத்தையும் பார்த்தவன் என்ற உரிமையில் ஒரு கோரிக்கையை முன்வைக்கிறேன். கட்டடத் தகவல் மாதிரியாக்கத்தை, துறையினர் பிம் என்று சுருக்கிச் சொல்வதை, மாகாணத்தின் பாடசாலைக் கட்டடங்களில் அடுத்த நிதியாண்டிலேயே தொடங்குங்கள். அது விமான நிலையத்துக்கும் மாடிக்கோபுரத்துக்கும் உரிய தொழில்நுட்பம் என்றே கருத்தரங்குகளில் படம் காட்டுகிறார்கள். என் எண்ணம் வேறு. நம் மாகாணத்தில் அது முதலில் வரவேண்டிய இடம், 100 அடிக்கு 25 அடி என்று எல்லோரும் மனப்பாடமாகச் சொல்லும் அந்த இரண்டு மாடி வகுப்பறைத் தொகுதி.

பிம் என்றால் என்ன என்பதையும் அந்தத் தொகுதியை வைத்தே சொல்லிவிடலாம். இன்று நம் கையில் இருப்பவை கோடுகள். தளப்படம் ஒரு தாளில், முகப்பு இன்னொரு தாளில், கம்பி விபரம் வேறொருவருடைய கணினியில், அளவு விலைப்பட்டியல் எக்செலில். ஒன்று மாறினால் மற்றதுக்குத் தெரியாது. வெள்ளம் நிற்கும் காணி என்பதைக் கண்டு, தரையின் உயரத்தை நிலத்திலிருந்து இரண்டு அடியாக இருந்ததை மூன்று அடியாக்கத் தொழில்நுட்ப உத்தியோகத்தர் முடிவெடுக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். நல்ல முடிவுதான். ஆனால் அந்த ஓர் அடிக்குச் சுவர்த்தடிப்பைக் கழிக்காமல் பார்த்தால் 2,500 கன அடி, அதாவது 25 கியூப் நிரப்பு மண் கூடுகிறது. வாசலில் இரண்டு படி கூடுகிறது. சக்கர நாற்காலிக்கான சாய்வுப்பாதை, ஓர் அடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளம் என்ற பொதுவிதிப்படி 24 அடியிலிருந்து 36 அடியாக நீண்டு, இடையில் ஒரு தங்குதளமும் கேட்கிறது. முற்றத்தில் அதற்கு இடம் இருக்கிறதா என்று அப்போது யாரும் பார்ப்பதில்லை. தாளில் ஓர் எண்ணை மட்டும் திருத்தினால் இவை எவையும் கண்ணுக்குப் படா. மண் போதவில்லை என்று மேலதிக வேலைக் கடிதம் வரும். சாய்வுப்பாதை கட்டப்படாமலே போகும். மாற்றுத்திறனாளிகளுக்கான அணுகல் வசதி ஒழுங்குவிதிகள் 2006 இலேயே வந்துவிட்ட நாடு இது. போரில் கால் இழந்த பெற்றோர் பிள்ளைகளின் முன்னேற்ற அறிக்கையைப் பார்க்கப் பாடசாலைக்கு வரும் மாகாணமும் இதுதான்.

பிம் மாதிரி என்பது கணினிக்குள் முழுதாகக் கட்டிப்பார்க்கும் கட்டடம். அதில் சுவர் சுவராகவே பதிவாகிறது. அதன் தடிப்பு, உயரம், கல்லின் வகை, பூச்சு எல்லாம் அதனோடு சேர்ந்தே இருக்கின்றன. படி, கதவு, குழாய், கூரை மரம் ஒவ்வொன்றும் அப்படித்தான். மாதிரியை ஒழுங்காகக் கட்டியிருந்தால், தரையை உயர்த்தும்போது படியும் சாய்வுப்பாதையும் நிரப்பு மண்ணும் கூடவே மாறும். தளப்படமும் முகப்பும் அளவுகளும் அந்த ஒரே மூலத்திலிருந்து வெளிவருவதால், ஒன்று சொன்னதை மற்றது மறுக்காது. சாய்வுப்பாதை மதிலில் முட்டுவது அத்திவாரம் வெட்டுவதற்கு முன்பே, அலுவலக மேசையிலேயே தெரிந்துவிடும்.

இவ்வளவு சிறிய கட்டடத்துக்கு இது எதற்கு என்ற எதிர்வாதத்துக்கு இனி வருகிறேன். சிங்கப்பூர் 2013 இல் பெரிய கட்டடங்களில் தொடங்கி, 2015 ஜூலையிலிருந்து 5,000 சதுர மீற்றருக்கு மேற்பட்ட புதிய கட்டடங்களுக்கு அனுமதி கோரும்போது பிம் மாதிரியைச் சமர்ப்பிப்பதைக் கட்டாயமாக்கியது. நமது வகுப்பறைத் தொகுதி இரண்டு மாடியும் சேர்ந்து 5,000 சதுர அடி. மீற்றரில் சொன்னால் ஏறத்தாழ 465. சிங்கப்பூர் போட்ட எல்லையில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. ஹொங்கொங் 2018 தொடக்கம் 30 மில்லியன் ஹொங்கொங் டொலருக்கு மேற்பட்ட அரச வேலைகளுக்கே அதைக் கேட்கிறது. அந்த அளவுகோல்களை அப்படியே கொண்டுவந்தால் நமக்கு பிம் தேவையே இல்லை என்று கோப்பை மூடிவிடலாம்.

அவர்கள் கட்டடங்களைத் தனித்தனியே எண்ணுகிறார்கள். ஒவ்வொன்றும் புதிதாக வடிவமைக்கப்படுவதால் அது அவர்களுக்குச் சரி. நாம் ஒரே கட்டடத்தைக் காங்கேசன்துறை முதல் வவுனியா வரை திரும்பத் திரும்பக் கட்டிக்கொண்டிருக்கிறோம். பாடசாலைச் சீருடை தைக்கும் தையல்காரர் வெட்டுத்தாளை ஒவ்வொரு பிள்ளைக்கும் புதிதாக வரைவதில்லை. நாமோ ஒவ்வொரு பாடசாலைக்கும் அளவைப் புதிதாக எடுக்கிறோம், கூட்டலைப் புதிதாகச் செய்கிறோம், பிழைகளையும் புதிதாக விடுகிறோம். உண்மையில் மாறுவது நிலம். வலிகாமத்தில் மெல்லிய செம்மண்ணுக்கு அடியில் சுண்ணாம்புக்கல். பரந்தன் பக்கம் வயற்களி. வடமராட்சி கிழக்கில் மணல். ஆகவே அத்திவாரத்துக்கு மூன்று நான்கு வகை, மேற்கட்டடத்துக்கு ஒரே மாதிரி என்று வைத்துக்கொண்டால், ஒருமுறை செம்மையாகச் செய்த வேலை பல ஆண்டுகளுக்கு உதவும்.

பங்குனிக்கும் புரட்டாதிக்கும் இடையில் கரைந்துபோகும் மாதங்களை இதனால் மீட்கலாம் என்று நினைக்கிறேன். மாதிரியிலிருந்து வரும் அளவுகளை பி.எஸ்.ஆர். என்று நாம் சொல்லும் மாகாண விலைப்பட்டியலோடு ஒருமுறை இணைத்துவிட்டால், புதிய விலைகள் வந்ததும் மதிப்பீடு உடனே புதுப்பிக்கப்படும். 2022 இல் நடந்தது நினைவிருக்கும். ஆயிரம் ரூபாவுக்குச் சற்று மேலே இருந்த சீமெந்துப் பை சில மாதங்களில் மூவாயிரத்தை நெருங்கியது. கைவேலையாக மதிப்பீட்டைத் திருத்தி முடிக்கும் முன் அந்தத் திருத்தமும் பழசாகிவிட்டது. ஒதுக்கீட்டுக் கடிதம் வரும்போது கேள்விப்பத்திரம் ஏறத்தாழத் தயாராக இருந்தால், ஆடிக்குள் அத்திவாரம் எழும்பும். மழைக்குள் முதலாம் தட்டுக் கொங்கிறீற் முடியும். மழைநீர் கலந்த கொங்கிறீற்றின் தரத்தைப் பற்றி உங்களுக்கு நான் பாடம் எடுக்க வேண்டியதில்லை.

ஒரு தொழில் எச்சரிக்கையையும் இங்கே சொல்லிவிட வேண்டும். பொத்தானை அழுத்தினால் அளவு விலைப்பட்டியல் வந்து விழும் என்று மென்பொருள் விற்பவர்கள் சொல்வார்கள். விழாது. நாம் அளப்பது இலங்கைத் தர நியமம் 573 இன்படி. எந்தத் திறப்பைக் கழிப்பது, எதைக் கழிக்காமல் விடுவது, எதைச் சதுர அளவிலும் எதை நீள அளவிலும் எடுப்பது என்பதற்கெல்லாம் அதில் விதிகள் உண்டு. மென்பொருளுக்கு அவை தெரியாது. கொங்கிறீற்றுக்குப் பலகையடிக்கும் பரப்பைப் பல மாதிரிகள் கணக்கிலேயே எடுப்பதில்லை. மாதிரியின் ஒவ்வொரு உறுப்பையும் எந்த விலை உருப்படியோடு சேர்ப்பது என்று அமர்ந்து முடிவெடுக்க எங்கள் தொழிலைச் சேர்ந்தவர் ஒருவர் வேண்டும். இதை என் பிழைப்புக்காகச் சொல்கிறேன் என்று யாரும் சிரித்தால் சிரிக்கட்டும். அந்த வேலையைச் செய்யாமல் எடுத்த அளவுகளை வைத்துக் கேள்வி கோரினால், முதலாவது ஒப்பந்தத்திலேயே தகராறு வரும். பிம் வேண்டாம் என்பவர்களுக்கு அதுவே சான்றாகிவிடும்.

பிரித்தானிய அரசு 2011 இல் வெளியிட்ட கட்டுமான மூலோபாயத்தில், மத்திய அரசின் திட்டங்களுக்கு 2016 இற்குள் பிம் கட்டாயம் என்று அறிவித்தது. அந்த மூலோபாயம் கட்டுமானச் செலவை 20 வீதம்வரை குறைப்பதை இலக்காக வைத்திருந்தது. இலக்கு என்பதை அடிக்கோடிட்டுச் சொல்கிறேன். அதைக் கிடைத்துவிட்ட இலாபமாகக் காட்டி யாரேனும் உங்களிடம் மென்பொருள் விற்க வந்தால், கதிரையைக் காட்டாமலே அனுப்பிவிடுங்கள். பிரித்தானியாவிடமிருந்து நாம் எடுக்கவேண்டியது ஐந்தாண்டு அவகாசம் கொடுத்த அந்தப் பொறுமையை. பின்னர் அங்கு உருவான நியமங்களை அடிப்படையாக வைத்தே 2018 இல் பிம் தகவலைக் கையாள்வதற்கான சர்வதேச நியமமான ஐ.எஸ்.ஓ. 19650 வந்தது. அதைப் படித்துப் பார்ப்பவர் மென்பொருளைப் பற்றி எதிர்பார்த்த அளவு எதுவும் காணமாட்டார். யார், எந்தக் கட்டத்தில், எந்தத் தகவலை, யாரிடம் கொடுக்க வேண்டும். அதை யார் சரிபார்த்து ஏற்க வேண்டும் என்பதுதான் அதன் உள்ளடக்கம். வேலையைக் கொடுப்பவர் தனக்கு என்ன தகவல் தேவை என்பதை முதலில் எழுதவேண்டும் என்கிறது அது. நம்மிடம் இல்லாதது அந்தத் தாள்தான்.

அது இல்லாததால் வேலைத்தலத்தில் நடப்பதற்கு ஓர் உதாரணம். பெயர்கள் வேண்டாம். ஒரு பாடசாலையின் மேல்மாடி மலசலகூடத்துக்கு நான்கு அங்குலக் கழிவுக் குழாய் கீழே இறங்க வேண்டிய இடத்தில் கொங்கிறீற் பீம் நின்றது. கட்டட வரைபடத்தை ஒருவரும் பீம் வரைபடத்தை இன்னொருவரும் தயாரித்திருந்தார்கள். இரண்டையும் ஒன்றன்மேல் ஒன்று வைத்து யாரும் பார்க்கவில்லை. மேசன் தன் அறிவுக்கெட்டியபடி உளியை எடுத்தார். பீமின் ஓரம் உடைந்து, உள்ளே வளையக் கம்பி தெரிந்த பிறகுதான் மேற்பார்வைக்கு வந்தவர் நிறுத்தினார். பிறகு குழாயைச் சுற்றுவழியாக விறாந்தையின் கீழ்த்தட்டில் கொண்டுபோனார்கள். மேலதிகக் குழாயின் பெறுமதி அற்பம். ஆனால் மாற்றத்துக்கு அனுமதி வரும்வரை கொத்தனார் குழு வேறு வேலைக்குப் போய்விட்டது. அவர்களைத் திரும்ப அழைப்பதில் கட்டடம் வாரக்கணக்கில் நின்றது. இன்று அந்தக் குழாய் வகுப்பறை வாசலுக்கு மேலே ஓடுகிறது. அதன் பொருத்து கசிந்தால் என்ன ஆகும் என்று அதிபரைக் கேளுங்கள். மோதல் கண்டறிதல் என்று பிம் மென்பொருள்களில் ஒரு வசதி உண்டு. குழாயும் பீமும் ஒரே இடத்தைக் கேட்டால் சிவப்பில் காட்டும். அதைச் செய்ய ஒரு நாளும் ஆகாது. ஒரே வகைக் கட்டடம் என்பதால் அந்த மோதலை ஓரிடத்தில் தீர்த்தால் எல்லா இடத்திலும் தீர்ந்துவிடும். இப்போது அதே மோதலை அடுத்த பாடசாலையின் மேசன் புதிதாகக் கண்டுபிடிக்கிறார்.

கையளிப்புக்குப் பின்னர் நடப்பது இதைவிடக் கவலைக்குரியது. கட்டி முடித்தபடியான வரைபடத்தை ஒப்பந்தக்காரர் தரவேண்டும் என்று ஒப்பந்தங்களில் இருக்கிறது. பல இடங்களில் கேள்விப்பத்திர வரைபடத்திலேயே முத்திரை குத்தித் தந்துவிடுகிறார்கள், வாங்குபவரும் வாங்கிக்கொள்கிறார். அத்திவாரம் உண்மையில் எந்த ஆழத்தில் கல்லைத் தொட்டது, மலக்குழி எங்கே வெட்டப்பட்டது, கிணற்றிலிருந்து அது எவ்வளவு தூரம் என்பதெல்லாம் வேலை செய்தவரின் நினைவில் மட்டும் இருக்கும். நமது குடாநாட்டில் குடிப்பது நிலத்தடி நீர். அது ஓடுவது துளையும் வெடிப்பும் நிறைந்த சுண்ணாம்புக்கல்லில். மலக்குழி எங்கே இருக்கிறது என்று தெரியாமல் அடுத்த கிணற்றை எப்படி வெட்டுவது? 2004 ஆழிப்பேரலைக்குப் பிறகும் 2009 இற்குப் பிறகும் எத்தனையோ நிறுவனங்கள் இங்கு கட்டடம் கட்டித் தந்தன. நிறுவனம் அலுவலகத்தை மூடிக்கொண்டு போனபோது வரைபடங்களும் கூடவே போன கட்டடங்கள் நிறைய உண்டு. இன்று அவற்றின் கூரையில் சூரிய மின்தகடு பூட்டலாமா என்று கேட்டால், கூரை மரத்தின் அளவை ஏணி வைத்து ஏறித்தான் பார்க்கவேண்டியிருக்கிறது.

பெரிய கட்டடத்துக்கும் கதை இதுதான். யாழ்ப்பாணப் பொது நூலகத்துக்குப் பக்கத்தில் இந்திய நன்கொடையில் எழுந்த கலாசார மையம் 2022 மார்ச்சில் இணையவழியாகத் திறக்கப்பட்டு, 2023 பெப்ரவரியில் மக்களிடம் கையளிக்கப்பட்டது. இடைப்பட்ட காலத்தில் பத்திரிகைகளில் நாம் அதிகம் வாசித்தது அதன் அழகைப் பற்றி அல்ல, அதைப் பராமரிக்கும் செலவை யார் ஏற்பது என்பதைப் பற்றி. மின்தூக்கியும் குளிரூட்டியும் பெரிய அரங்கும் கொண்ட எந்தக் கட்டடத்திலும், எந்த இயந்திரம் எங்கே, எப்போது பழுதுபார்க்க வேண்டும், மாற்றுப் பாகத்தின் இலக்கம் என்ன என்பவற்றை வடிவமைக்கும்போதே மாதிரியில் பதிந்து வந்தால், பராமரிப்புச் செலவைக் கட்டடம் எழும்பும் முன்பே ஓரளவு கணக்கிடலாம்.

வீதிகளைப் பற்றி ஒரு பந்தி போதும். வடமராட்சி கிழக்கின் தாளையடியில் நாளொன்றுக்கு 24,000 கன மீற்றர் கடல்நீரை நன்னீராக்கும் நிலையம் 2024 ஓகஸ்டில் திறக்கப்பட்டது. நீர் வந்தது நல்லது. அதன் குழாய்களும் தொலைபேசி வடங்களும் வடிகால்களும் நம் வீதிகளின் கீழே எங்கெங்கே ஓடுகின்றன என்பதை ஒரே இடத்தில் பார்க்கும் வசதி இருந்தால், காப்பெற் போட்ட வீதியை மறுபடி கிண்டுவதில் பாதியையாவது தவிர்க்கலாம். இது மாகாணத்தின் கையில் மட்டும் இருக்கும் விடயமில்லை என்பதால் இத்துடன் விடுகிறேன்.

உங்கள் மேசையில் எழக்கூடிய தயக்கங்களை ஊகிக்க முடிகிறது. பணம் முதலாவது. பிம் மாதிரி செய்யும் ரெவிட் போன்ற மென்பொருளின் ஆண்டுக் கட்டணம் டொலரில் கட்டவேண்டியது. நம் திணைக்களங்களுக்கு அது சுமைதான். ஆனால் வகுப்பறைத் தொகுதிக்கு இரண்டு மூன்று உரிமங்கள் போதும். பார்வையிட மட்டும் வேண்டியவர்களுக்கு இலவச மென்பொருள்கள் உண்டு. ஃப்ரீகேட் போன்ற கட்டற்ற மென்பொருளில் மாதிரியே செய்யலாம். முக்கியமானது வேறொன்று. கோப்பை வெவ்வேறு பிம் மென்பொருள்களாலும் திறக்கக்கூடிய ஐ.எஃப்.சி. வடிவத்திலும் வாங்கி வையுங்கள். அது ஐ.எஸ்.ஓ. 16739 என்ற பொது நியமம். இல்லாவிட்டால் இருபது ஆண்டுகளின் பின் நம்மிடம் இருப்பது, சந்தா கட்டாததால் திறக்க மறுக்கும் ஒரு கோப்பு.

இரண்டாவது தயக்கம் என்னுடையதும்கூட. பிம் தெரிந்தவர்களே கேள்வி போடலாம் என்று நிபந்தனை வைத்தால், அடுத்த நாளே வேலைகள் முழுவதும் கொழும்பின் பெரிய நிறுவனங்களுக்குப் போய்விடும். நிர்மாணக் கைத்தொழில் அபிவிருத்தி அதிகார சபையின் தரப்படுத்தலில் சி-7, சி-8, சி-9 என்ற சிறிய வேலைகளுக்கான தரங்களில் இருக்கும் நமது ஊர் ஒப்பந்தக்காரர்கள்தான் பெரும்பாலான பாடசாலை வேலைகளைச் செய்கிறார்கள். அவர்களைத் தள்ளிவிட்டுக் கொண்டுவரும் எந்தத் தொழில்நுட்பமும் எனக்கு வேண்டாம். மாதிரியைத் தயாரிப்பது திணைக்களத்தின் பொறுப்பாக இருக்கட்டும். ஒப்பந்தக்காரருக்கு வழமைபோலத் தாள் வரைபடமும், விரும்பினால் கைபேசியில் கட்டடத்தைச் சுற்றிப் பார்க்க ஒரு கோப்பும் கொடுங்கள். அவரிடம் கேட்கவேண்டியது, வேலை முடியும்போது எது எப்படி மாறியது என்ற விபரம். அதை மாதிரியில் ஏற்றுவது உங்கள் ஆள். திறமை வளர்ந்த பிறகு மேலே போகலாம்.

ஊழலை இது ஒழிக்குமா என்று கேட்பார்கள். ஒழிக்காது. பொய்யான அளவை மாதிரியிலும் எழுதலாம். மாதிரியில் 25 கியூப் என்று இருக்கும் இடத்தில் பட்டியல் 40 கியூப் கேட்டால், கணக்காய்வுக்கு வருபவர் நாடாவோடு அலையாமல் கேள்வி கேட்க முடியும். அவ்வளவே.

ஆட்கள் இருக்கிறார்கள். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியல் பீடம் கிளிநொச்சி அறிவியல் நகரில் இருக்கிறது. இறுதியாண்டு மாணவர்கள் செய்முறைத் திட்டங்களுக்குத் தலைப்புத் தேடுகிறார்கள். வளைகுடா நாடுகளில் இதே வேலையைச் செய்துவிட்டு வந்த இளைஞர்கள் ஊரில் இருக்கிறார்கள். தயவுசெய்து இரண்டு நாள் செயலமர்வு, சான்றிதழ், மதிய உணவு என்று தொடங்காதீர்கள். தொழில்நுட்ப உத்தியோகத்தர் இருவரை மற்ற வேலைகளிலிருந்து ஓராண்டு விடுவித்து, இந்த ஒரு மாதிரியை மட்டும் கையில் கொடுங்கள். விடுவிக்காமல் கொடுத்தால், அது அவர்களுடைய ஏழாவது பொறுப்பாகி, ஏழாவதாகவே கவனிக்கப்படும்.

அதற்கு முன், நமக்கு என்ன தகவல் தேவை என்று எழுதிய அந்தத் தாள் வேண்டும். ஒரு பக்கத்துக்கு மேல் போகக்கூடாது. மாதிரியின் உரிமை மாகாணத்துக்கு உரியது, வேறு பாடசாலைகளுக்கும் அதைப் பயன்படுத்தலாம் என்று முதல் வரியிலேயே இருக்கவேண்டும். ஆலோசகரின் பதிப்புரிமையில் சிக்கினால் மறுபயன்பாடு என்ற பேச்சுக்கே இடமில்லை. அத்திவாரத்தின் உண்மையான ஆழம், கிணறும் மலக்குழியும் அமைந்த புள்ளிகள், மின்வடங்கள் சுவரில் ஓடும் பாதை, கூரை மரங்களின் அளவு ஆகியவை கையளிப்பின்போது பதிவாகியிருக்கவேண்டும். அவை பதிவாகும்வரை பிடித்துவைத்த பணத்தில் ஒரு பகுதி விடுவிக்கப்படக்கூடாது. கோப்பு எங்கே சேமிக்கப்படும், அதற்குப் பொறுப்பான பதவி எது என்றும் எழுதுங்கள். ஆளின் பெயரை எழுதினால் இடமாற்றத்தோடு அதுவும் போய்விடும்.

அடுத்த ஆண்டுக்கான முன்மொழிவுகளை நீங்கள் கேட்கத் தொடங்கும் முன் இந்தப் பக்கம் தயாராக இருந்தால், வருகிற ஒதுக்கீட்டிலேயே ஒரு வலயத்தின் பாடசாலைகளில் பரீட்சித்துப் பார்க்கலாம். முதல் வரைவை ஊதியமின்றி எழுதித் தர நான் ஆயத்தம். அதை எந்தப் பிரிவுக்கு அனுப்பவேண்டும் என்பதை மட்டும் அறியத்தாருங்கள்.

இங்ஙனம்,
யாழ்ப்பாணத்திலிருந்து ஒரு கணிய அளவையாளர்